ஸ்விட்ச் கிடைக்குது, பாயிண்ட் வரல: மிஸ்மேட்ச்சைக் காசாக்குறது எப்படி?

ஃப்ரீத்ரோ_லைன் கேட்டது:

எங்க பாஸ்கெட்பால் டீமோட பிரச்சினை இது. எதிர் டீம் 1-ல (பாயிண்ட் கார்டு) இருந்து 5 (சென்டர்) வரைக்கும் எல்லா ஸ்க்ரீனையும் (டிஃபெண்டர் வழியில நின்னு மறிக்கறது) ஸ்விட்ச் பண்றாங்க, அதாவது காக்கற ஆளை மாத்திக்கறாங்க. அதனால மிஸ்மேட்ச் (உயரமோ வேகமோ பொருந்தாத ஜோடி) நாங்க தேடிப் போகாமலே கிடைக்குது. எங்க சென்டர் 6 அடி 5 அங்குலம், அவர் மேல 5 அடி 9 அங்குல கார்டு நிக்கிறார். இந்தப் பக்கம் எங்க பாயிண்ட் கார்டு முன்னாடி அவங்க கனமான சென்டர். பேப்பர்ல பார்த்தா கொண்டாட்டம்தான், ஸ்கோர்போர்டுல ஒண்ணும் இல்ல.

பெரும்பாலும் சென்டருக்கு பந்து போகவே மாட்டேங்குது, அந்த கார்டு சுத்தி முன்னாடி வந்து நின்னுடறார். போனாலும் ரெண்டு டிரிபிள் போடறதுக்குள்ள கீழ இருந்து தட்டிட்டுப் போயிடறார். சரி, பாயிண்ட் கார்டே ஐசோ (தனியா ஒருத்தரை எதிர்த்து ஆடறது) ஆடட்டும்னு விட்டா மத்த நாலு பேரும் வேடிக்கை பார்க்கறாங்க. கிளாக்ல 3 நொடி இருக்கும்போது ஒரு அவசர ஷாட், அவ்வளவுதான்.

ஃபிபா (சர்வதேச கூட்டமைப்பு) விதி, 10 நிமிஷ குவார்ட்டர், ஷாட் போட 24 நொடி கிளாக். நம்பிக்கையா த்ரீ (மூணு பாயிண்ட் ஷாட்) போடறவங்க ரெண்டே பேர். பாயிண்ட் கார்டு அதுல இல்ல. ஸ்விட்ச் நடந்த அப்புறம் எந்த வரிசையில என்ன செய்யணும்? என்பிஏ (அமெரிக்க லீக்) கிளிப் பார்த்து அப்படியே செஞ்சா ஏன் ஒத்து வரல?

எல்போ_ஜம்பர்:

உங்க முதல் ரெண்டு பிரச்சினைக்கும் வேர் ஒண்ணுதான். ஸ்விட்ச் நடக்கற நேரத்துக்கும் பந்து உள்ள போற நேரத்துக்கும் நடுவுல இடைவெளி அதிகம். ஸ்விட்ச் ஆன உடனே அந்த கார்டு உங்க சென்டருக்குப் பக்கவாட்டுல, இல்லன்னா பின்னாடி மாட்டிக்கிட்டு இருப்பார். அந்த நிலை ரெண்டு நொடிதான் தாங்கும். அதுக்கு மேல விட்டா யாரா இருந்தாலும் முன்னாடி வந்துடுவாங்க.

அதனால சென்டர் ஸ்க்ரீன் போட்டதும் நின்னு பார்க்கக் கூடாது. ரிங்கைப் பார்த்து ரெண்டு மூணு எட்டு வேகமா இறங்கி, இடுப்பைத் தாழ்த்தி, கார்டை முதுகால அடைக்கணும். இதைத்தான் சீல்னு சொல்றோம். கையை வளைச்சு அவரைப் பிடிச்சா அட்டாக்கிங் ஃபவுல், உடம்பாலதான் அடைக்கணும். பெயிண்ட்ல (ரிங்குக்கு முன்னாடி இருக்கற செவ்வகம்) 3 நொடிக்கு மேல நிக்கக் கூடாதுங்கற விதி ஞாபகம் இருக்கட்டும். கோடும் பெயிண்டோட சேர்த்திதான். ஒரு கால் கோட்டைத் தொட்டுட்டு இருந்தாலும் எண்ணிக்கை ஓடும்.

அடுத்தது பாஸ் கோணம். டாப்ல (ரிங்குக்கு நேர் எதிர்ல, வெளிய) நின்னுட்டு நேரா உள்ள போடப் பார்க்கறது, கொடுக்கக் கூடாத இடத்துல இருந்து கொடுக்கறது. ஸ்விட்ச் ஆனதும் பந்து விங்குக்குப் போகணும். ஒரு பாஸோ ரெண்டு டிரிபிளோ, எப்படிப் போனாலும் சரி. ஃப்ரீ த்ரோ கோட்டை பக்கவாட்டுல நீட்டிப் பாருங்க, அந்த உயரத்துல இல்லன்னா ஒரு எட்டு கீழ. அங்க இருந்து பார்த்தாதான் சென்டரோட பேஸ்லைன் (ரிங்குக்குப் பின்னாடி இருக்கற கோடு) பக்கக் கை தெரியும். தலைக்கு மேல ஒரு பாஸ் ஃபேக், அப்புறம் பவுன்ஸ் பாஸ். குட்டையான ஆளுக்கு எதிரா எப்பவும் உயரப் பாஸ்தான்னு நினைக்காதீங்க. ஃபேக்குக்கு அவர் கை மேல போயிடும், கீழ வழி திறந்திருக்கும்.

முன்னாடி வந்தே நின்னுட்டார்னா? நல்லதுதான். இப்ப ரிங்குக்கும் உங்க சென்டருக்கும் நடுவுல அவர் ஆள் இல்ல. உங்க பவர் ஃபார்வர்டு ஃப்ரீ த்ரோ கோட்டு நடுவுக்கு ஓடி வரணும். விங்ல இருந்து பந்து அவருக்கு, அவர்கிட்ட இருந்து உள்ள. கோணம் மாறினதும் முன்னாடி நின்ன கார்டு பின்னாடி ஆயிடுவார். விங்ல இருந்தே லாப் (தலைக்கு மேல தூக்கிப் போடற பாஸ்) போடறதா இருந்தா போர்டோட பக்கவாட்டு முனையைக் குறி வைங்க, ரிங்கை இல்ல. சென்டருக்கு ஒரே ஒரு கட்டளை: பந்து தலையைத் தாண்டற வரைக்கும் முதுகை எடுக்காதே. சீக்கிரம் குதிச்சா கார்டும் கூடவே வந்துடுவார்.

தட்டிட்டுப் போற விஷயத்துக்கு: சென்டர் ரிங்ல இருந்து எவ்வளவு தூரத்துல பந்து வாங்கறார்னு அளந்து பாருங்க. ஃபிபா பெயிண்ட் 4.9 மீட்டர் அகலம். கோட்டை ஒட்டி கீழ நின்னா ரிங் நடுவுல இருந்து பக்கவாட்டுல சுமார் 2.45 மீட்டர். அங்க வாங்கினா டிரிபிளே வேண்டாம், திரும்பினா ஷாட். மூணரை, நாலு மீட்டர்ல வாங்கினா மூணு டிரிபிள் வேணும், அந்த மூணும் கார்டுக்குப் பரிசு. குட்டையான கார்டு போஸ்ட்ல (ரிங் பக்கத்து இடம்) பிழைக்கறதே கீழ வர்ற பந்தைத் தட்டியும், சார்ஜ் (பந்து வச்சிருக்கறவர் மோதற ஃபவுல்) வாங்கி விழுந்தும்தான். பந்து தாடைக்குக் கீழ இறங்கக் கூடாது, ஒரு டிரிபிளுக்கு மேல கூடாது. தூரமா வாங்கிட்டா வெளிய திருப்பிக் கொடுத்துட்டு மறுபடி சீல். அந்த ரெண்டாவது சீல் எப்பவும் முதலாவதைவிட ஆழமா இருக்கும், ஏன்னா பந்து வெளிய போனதும் டிஃபெண்டர் ஒரு கணம் இளகுவார்.

வீக்சைடு_ஹெல்ப்:

எல்போ சொன்னது பந்து இருக்கும் பக்கம். ஆட்டம் தீர்மானமாவது மறு பக்கத்தில்.

என்பிஏ கிளிப் ஏன் ஒத்து வரவில்லை என்பதற்குப் பாதிப் பதில் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. என்பிஏ 2001-02 சீசனில் ஜோன் டிஃபென்ஸை (ஆளை அல்ல, இடத்தைக் காப்பது) அனுமதித்தபோது, கூடவே டிஃபென்சிவ் 3 நொடி விதியையும் கொண்டுவந்தது. தன் ஆளைக் கை எட்டும் தூரத்தில் காவல் காக்காத டிஃபெண்டர் பெயிண்டுக்குள் 3 நொடிக்கு மேல் நிற்க முடியாது. நின்றால் ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் எதிரணிக்கே. ஃபிபாவில் அந்த விதி கிடையாது. உங்கள் சென்டர் கார்டை எவ்வளவு அழகாக அடைத்தாலும், மூன்றாவது ஆள் ரிங்குக்கு அடியில் நாற்காலி போட்டு உட்காராத குறையாக நிற்கலாம். போதாததற்கு என்பிஏவில் த்ரீ கோடு மேலே 7.24 மீட்டர், ஃபிபாவில் 6.75. ஹெல்ப் ஆள் (உதவிக்கு வந்த டிஃபெண்டர்) தன் ஆளிடம் திரும்பி ஓட வேண்டிய தூரமும் உங்கள் ஆட்டத்தில் குறைவு.

ஆகவே நீங்கள் வெல்ல வேண்டியது 5 அடி 9 அங்குலக் கார்டை இல்லை, அந்த மூன்றாவது ஆளை. அவர் யாருடைய டிஃபெண்டர் என்று பாருங்கள். பெரும்பாலும் ஷூட் செய்யாதவரின் ஆள்தான்.

இரண்டே ஷூட்டர் என்றால் நான் இப்படி நிறுத்துவேன். வலப்பக்கம் போஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வல விங்கில் பாஸ் கொடுப்பவர் ஒரு ஷூட்டர். அப்போதுதான் அவருடைய டிஃபெண்டர் இறங்கி சென்டரின் பந்தைத் தோண்ட மாட்டார். இரண்டாவது ஷூட்டர் இடக் கார்னர். பவர் ஃபார்வர்டு ஃப்ரீ த்ரோ கோடு நடுவில். ஷூட் செய்யாத பாயிண்ட் கார்டு இட மேல்பக்கம், த்ரீ கோட்டுக்கு ஒரு மீட்டர் வெளியே. இவர் சும்மா நிற்பவர் அல்ல. சென்டர் பந்தைப் பிடித்து, இவருடைய ஆள் தலையைத் திருப்பிய அந்த நொடியில் 45 பாகையில் ரிங்குக்கு வெட்ட வேண்டும். முன்னதாக வெட்டினால் தன் ஆளையும் இழுத்துக்கொண்டு போய் சென்டரின் இடத்தை அடைத்துவிடுவார். இந்த அமைப்பு கெடும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது இந்த வெட்டின் நேரத்தைத்தான்.

இனி ஹெல்ப் எங்கிருந்து வந்தாலும் பதில் உண்டு. ஃபார்வர்டின் ஆள் இறங்கினால் ஃப்ரீ த்ரோ கோட்டில் அவர் தனியாள், 4.6 மீட்டர் ஷாட். கார்னர் ஆள் வந்தால் சென்டரிடமிருந்து நேராகக் கார்னருக்கு எறிய வேண்டாம், உயரமான கைகள் நடுவில் இருக்கும். ஃபார்வர்டு வழியாக இரண்டு பாஸில் போகட்டும்.

ஸ்க்ரீனே போடாமல் ஆளை நிறுத்தும் இடத்தாலேயே மிஸ்மேட்ச் உண்டாக்கலாம் என்பதற்கு நல்ல பாடம் 2021 என்பிஏ பிளேஆஃப். ஆறாவது ஆட்டம், கிளிப்பர்ஸ் எதிர் யூட்டா. காயத்தால் கிளிப்பர்ஸின் கவாய் லெனர்ட் இல்லை. கிளிப்பர்ஸ் சென்டரே வைக்காமல் ஐந்து பேரையும் வெளியே நிறுத்தியது. அந்த வருடத்தின் சிறந்த டிஃபெண்டர் விருது வாங்கிய யூட்டா சென்டர் ரூடி கோபேர், கிளிப்பர்ஸின் டெரன்ஸ் மேனைக் காக்க வேண்டியதாயிற்று. மேன் நின்றது கார்னரில். கார்டு உள்ளே ஓட்டும்போதெல்லாம் ரிங்கைக் காப்பதா மேனைக் காப்பதா என்று கோபேருக்கு ஒரே கேள்வி. மேன் 7 த்ரீ, மொத்தம் 39 பாயிண்ட். 25 பாயிண்ட் பின்தங்கியிருந்த கிளிப்பர்ஸ் 131–119 என்று வென்று தொடரை முடித்தது. கோபேர் மோசமாக ஆடினார் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. இரண்டு இடத்தில் ஓர் ஆள் நிற்க முடியாது.

ஃப்ரீத்ரோ_லைன்:

ரெண்டு பேருக்கும் நன்றி. பாயிண்ட் கார்டோட வெட்டு நேரம் பத்தி யோசிச்சதே இல்ல, இப்பவே நோட்ல எழுதிக்கிட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம். சில நேரம் பந்து விங்குக்கு வர்றதுக்குள்ள அவங்க மறுபக்க ஃபார்வர்டு ஓடி வந்து அந்த கார்டை வெளிய துரத்திட்டு போஸ்ட்டை எடுத்துக்கறார். அதுக்கு என்ன பண்றது? அப்புறம் பாயிண்ட் கார்டு எதிர் சென்டர் விஷயம். ஷூட் பண்ணாதவர் ஐசோ ஆடறதே தப்பா?

பழைய_ஸ்கோர்ஷீட்:

இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன்.

ஷூட் செய்யாத கார்டு நின்ற இடத்தில் டிரிபிள் போட்டுக்கொண்டு சென்டரை ஏமாற்றப் பார்ப்பது தப்புதான். சென்டர் இரண்டு மீட்டர் பின்வாங்கி பெயிண்ட் விளிம்பில் நின்றுவிடுவார், வேகத்துக்கு வேலை இருக்காது. பந்தை விங்குக்குக் கொடுத்துவிட்டு, ஓடிக்கொண்டே கைமாற்றில் திரும்ப வாங்கட்டும். ஓட்டத்தில் வாங்கும் கார்டை, நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கனமான ஆள் பிடிப்பது கடினம். ஷூட்டராக இருந்தால் கதை வேறு: ஸ்விட்ச் ஆனதும் இரண்டு டிரிபிள் பின்னுக்கு இழுத்து, ரிங்கிலிருந்து எட்டு மீட்டருக்குக் கொண்டுபோய், சென்டரை வெளியே வரவழைத்து, அவர் எந்தக் காலை முன்னே வைத்திருக்கிறாரோ அந்தக் கால் பக்கமாகப் போக வேண்டும். மூன்று டிரிபிளுக்குள் அவருடைய தோளைத் தாண்டாவிட்டால் தாண்டப் போவதில்லை.

போகும் பக்கத்தின் கார்னர் காலியாக இருக்க வேண்டும். அங்கே நம் ஆள் ஒருவர் நின்றால் அவருடைய டிஃபெண்டரும் நிற்பார்.

2016 என்பிஏ இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்துக் கடைசி நிமிடத்தைத் திரும்பப் பாருங்கள். கிளீவ்லண்ட், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் இரண்டு அணியும் அடுத்தடுத்து, தாங்கள் விரும்பிய மிஸ்மேட்சையே வாங்கின. ஸ்கோர் 89–89. கிளீவ்லண்டின் கைரி இர்விங்கைக் காத்தவர் வாரியர்ஸின் கிளே தாம்ஸன். வாரியர்ஸின் ஸ்டெஃபன் கர்ரி காத்தது ஜே.ஆர். ஸ்மித்தை. கிளீவ்லண்ட் ஸ்மித்தை ஸ்க்ரீனுக்கு அழைத்தது. ஸ்விட்ச் ஆகி இர்விங் முன் கர்ரி வந்தார். வலப்பக்கம், பின்னுக்கு எட்டு வைத்து த்ரீ, 53 நொடி மிச்சம், 92–89. அடுத்த முறை வாரியர்ஸ் அதையே செய்து கர்ரி முன்னால் கிளீவ்லண்டின் பெரிய ஆள் கெவின் லவ்வைக் கொண்டுவந்தது. கால் வேகத்தில் அதைவிட நல்ல மிஸ்மேட்ச் கேட்க முடியாது. ஆனால் கர்ரி த்ரீ ஒன்றையே தேடினார். லவ் ஒட்டி வந்து அதை மட்டும் மறைத்தார், ஷாட் விழவில்லை. மூன்று பாயிண்ட் பின்தங்கிய நிலையில் த்ரீ தேடியது புரிகிறது. ஆனாலும் ஒட்டி நிற்கும் பெரிய ஆளிடம் திறந்திருப்பது எப்போதும் பின்பக்கம்தான். இரண்டு எடுத்து, அடுத்த பந்துக்கு டிஃபென்ஸ் ஆடியிருக்க நேரம் இருந்தது. கடைசி நாலரை நிமிடத்தில் வாரியர்ஸ் ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை, 93–89 என்று முடிந்தது.

நேரக் கணக்கு இப்படி வைக்கலாம். கிளாக் 19 காட்டும்போது பாதிக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். 8 நொடி விதி 16 வரை இடம் தருகிறது, அதை முழுக்கத் தின்னக் கூடாது. 17-ல் ஸ்க்ரீன். 15-ல் ஸ்விட்ச் முடிந்திருக்கும். 12-க்குள் பந்து போஸ்டிலோ, கார்டின் முதல் டிரிபிளிலோ இருக்க வேண்டும். 8-ல் பெயிண்டுக்குள் பந்து போகவில்லை என்றால் அந்த மிஸ்மேட்ச் செத்துவிட்டது. மறு பக்கம் தள்ளி இன்னொரு ஸ்க்ரீன். உங்கள் டீம் 3 நொடியில் எறிவதற்குக் காரணம், 8-ல் கைவிட வேண்டியதை 4 வரை சுமப்பது.

கணக்கையும் பாருங்கள். கார்டு சென்டர் முன்னால் நின்று எறியும் நீண்ட இரண்டு பாயிண்ட் ஷாட் 40 சதவீதம் விழுந்தால் பந்துக்கு 0.80. கார்னர் த்ரீ 35 சதவீதம் என்றால் 1.05. ஃபவுல் வாங்கி 70 சதவீதத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோ என்றால் 1.40. மிஸ்மேட்ச் கிடைத்தும் முதல் வகையில் போய் முடிந்தால் எதிர் கோச் சந்தோஷமாகத் தூங்குவார்.

ஐந்தாவது_ஃபவுல்:

முதல் சந்தேகத்துக்கு வர்றேன். அந்த ஃபார்வர்டு ஓடி வந்து கார்டைத் துரத்தி விடறதுக்குப் பேரு ஸ்க்ராம். அது நடக்கறப்போ ரெண்டு டிஃபெண்டர் ஒரே நேரத்துல நகர்ந்துட்டு இருக்காங்க, அதாவது மறுபக்கத்துல ஒரு ஆள் ரெண்டு பேரைக் காத்துட்டு இருக்கார். விங்ல பந்து வச்சிருக்கறவர் போஸ்ட்டையே முறைச்சுப் பார்த்துட்டு இருந்தா இது கண்ணுல படாது. பாஸ் ஃபேக் போஸ்ட்டுக்கு, ஸ்கிப் பாஸ் எதிர்ப் பக்கத்துக்கு. ரெண்டு தடவை தண்டிச்சா அப்புறம் ஓடி வர யோசிப்பாங்க.

இன்னொரு தந்திரமும் வரும், தயாரா இருங்க. உங்க ஸ்க்ரீனர் மேல ஏறி வரும்போதே ரெண்டு டிஃபெண்டரும் முன்கூட்டியே ஆள் மாத்திக்குவாங்க. பலவீனமான ஆள் ஸ்க்ரீனுக்கு வரவே மாட்டார். அப்ப ஸ்க்ரீன் தொடறதுக்கு முன்னாடியே ஸ்க்ரீனர் நழுவி ரிங்குக்கு ஓடணும். அவங்க மாத்திட்டு இருக்கற அந்த ஒரு நொடியில யார் ஆள் யாருன்னு அவங்களுக்கே தெளிவு இருக்காது.

இப்ப கொஞ்சம் எதிர்ப் பாட்டு. மேல எல்லாரும் ஒவ்வொரு தடவையும் மிஸ்மேட்ச் வேட்டைக்குப் போகணும்கற மாதிரி எழுதியிருக்கீங்க. 2018 என்பிஏ வெஸ்ட் பிரிவு இறுதி, ஹூஸ்டன் எதிர் வாரியர்ஸ், ஏழாவது ஆட்டம். தன் ஆள் ஹார்டன் முன்னாடி கர்ரியைக் கொண்டு வரணும்னு தொடர் முழுக்க ஹூஸ்டன் ஸ்க்ரீன் போட்டுட்டே இருந்தது. பாதி ஆட்டத்துல 54–43 முன்னிலை. ஆனா ரெண்டாவது குவார்ட்டர்ல ஆரம்பிச்சு தொடர்ந்து 27 த்ரீ தவற விட்டாங்க. மொத்தம் போட்ட 44 த்ரீல 7தான் விழுந்தது. தோல்வி 101–92. ஹூஸ்டனோட கிறிஸ் பால் காயத்துல வெளிய இருந்தார், தவறின ஷாட்ல பலது நல்ல ஷாட்தான், ரெண்டும் உண்மை. ஆனா ஒரே ஆள் பந்தைத் தட்டிட்டு நாலு பேர் நிக்கற ஆட்டத்துல நிக்கறவங்களுக்குக் கை ஆறிடும், தட்டறவருக்குக் கால் போயிடும். அது என் கணிப்பு, சண்டைக்கு வரலாம். உங்க மாதிரி டீமுக்கு குவார்ட்டருக்கு நாலஞ்சு தடவை போதும். டைம் அவுட்டுக்கு அப்புறம், குவார்ட்டர் கடைசிப் பந்து, அவங்க தொடர்ந்து ரெண்டு தடவை ஸ்கோர் பண்ணின அப்புறம், இந்த மாதிரி.

உழைக்காம கிடைக்கற மிஸ்மேட்சை யாரும் சொல்லல. அவங்க ஷாட் தவறி நீங்க ரீபவுண்ட் எடுத்து ஓடும்போது அவங்க பக்கத்துல இருக்கற ஆளைப் பிடிப்பாங்க, தன் ஆளை இல்ல. உங்க சென்டர் நேரா ரிங்குக்கு ஓடித் திரும்பினா பாதி நேரம் பின்னாடி ஒரு கார்டுதான் இருப்பார். அதுக்கு ஸ்க்ரீனும் வேண்டாம், பிளேயும் வேண்டாம்.

ரீபவுண்டும் அப்படித்தான். ஸ்விட்ச் ஆனா அவங்க சென்டர் 7 மீட்டர் வெளிய, உங்க சென்டரை பாக்ஸ் அவுட் பண்ண (ரீபவுண்டுக்குப் போகாம உடம்பால தடுக்க) வேண்டியது அந்த கார்டு. போஸ்ட்டுக்கு பந்தே போகலன்னாலும் வெளிய இருந்து ஒரு ஷாட் போனா, தவறற பந்து யாருக்குன்னு பாருங்க. ஃபிபாவுல ரிங்கைத் தொட்ட பந்தை மறுபடி எடுத்தா கிளாக் 14 நொடி. ரெண்டு பேர் ரீபவுண்டுக்கு, மேல இருக்கற பாயிண்ட் கார்டும் விங்கும் பின்னாடி ஓடணும். இதை மறந்தா அவங்க கார்டு நீண்ட ரீபவுண்டை எடுத்துட்டுத் தனியா லேஅப் போடுவார்.

ஃபவுல் கணக்கை பெஞ்ச்ல ஒருத்தர் எழுதிட்டே இருக்கட்டும். ஃபிபாவுல 5 ஃபவுலுக்கு ஆள் அவுட். குவார்ட்டர்ல அஞ்சாவது டீம் ஃபவுல்ல இருந்து ரெண்டு ஃப்ரீ த்ரோ. முதல் பாதியில 3 ஃபவுல் வாங்கின சென்டர்தான் அந்த மைதானத்துலயே பெரிய மிஸ்மேட்ச், அவர் உயரம் எவ்வளவா இருந்தாலும் சரி. அவர் கையைத் தூக்கவே பயப்படுவார், அவர் காக்கற ஆளை வச்சு ஸ்க்ரீன் போடுங்க.

எல்போ_ஜம்பர்:

ஐந்தாவதுக்கு ஒரு சின்ன மறுப்பு: குவார்ட்டருக்கு நாலஞ்சுன்னு எண்ணிக்கை வச்சா பசங்க எண்ணிட்டே ஆடுவாங்க. ரெண்டு நொடிக்குள்ள சீல் கிடைச்சா போடு, இல்லன்னா விடு. அந்த ஒரு விதியே எண்ணிக்கையைப் பார்த்துக்கும்.

இன்னொண்ணு, நேரா வலது இடதுன்னு போஸ்ட்லயே சிக்கிக்காதீங்க. 2006-07-ல 67 ஆட்டம் ஜெயிச்ச டல்லாஸ், எட்டாவது இடத்துல வந்த கோல்டன் ஸ்டேட்கிட்ட முதல் சுற்றுலயே தோத்தது. 7 அடி டிர்க் நோவிட்ஸ்கியை, அவரைவிடக் குட்டையான வேகமான ஆட்கள் ஒட்டி நின்னு அடக்கினாங்க. 2011-ல பட்டம் ஜெயிச்சப்போ அவர் அடிக்கடி பந்து வாங்கினது ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம், நடுவுல. அங்க டபுள் டீம் (ரெண்டாவது ஆளும் சேர்ந்து காக்கறது) எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் கண்ணுக்கு முன்னாடிதான் வரும். உங்க சென்டருக்கு 4 மீட்டர் ஷாட் இருக்குன்னா இதையும் முயற்சி பண்ணுங்க. இல்லன்னா கீழயே இருக்கட்டும்.

பயிற்சிக்கு: அரைக் கோர்ட், மூணு எதிர் மூணு. ஸ்விட்ச் ஆன நிலையிலயே ஆரம்பிங்க, கார்டு சென்டர் பக்கத்துல நிக்கட்டும். 8 நொடி. உள்ள ஒரு டிரிபிளுக்கு மேல போட்டா பந்து எதிர் டீமுக்கு. பத்து பத்து பந்தா மாத்தி மாத்தி ஆடுங்க. அப்புறம் நாலாவது டிஃபெண்டர் ஒருத்தரைப் பெயிண்ட்ல நிறுத்துங்க, அவர் எங்க வேணா போகலாம். ஃபிபாவுக்கு அதுதான் சரியான சோதனை.

ஃப்ரீத்ரோ_லைன்:

சென்டருக்கு 4 மீட்டர் ஷாட் இல்ல, ஃப்ரீ த்ரோவே தடுமாறுவார். அதனால கீழதான். மூணு எதிர் மூணு + ஒருத்தர் நாளைக்கே போடறோம். அந்த நாலாவது ஆளா பாயிண்ட் கார்டையே நிறுத்தப் போறேன், ஹெல்ப் எப்ப தலையைத் திருப்புதுன்னு அவருக்கே தெரியட்டும்.